என் பங்குப் பாதை

"கூரை போயிடுச்சா வாத்தியாரே? லண்டனுக்கு ஒரு கடுதாசி போடு. உங்க இங்கிலீஷ்காரன் கப்பல்ல ஓலை அனுப்புவான்!"

தன் கடை வாசலில் நின்று நொவேலோ சிரித்தான். முந்தின நாள் சூறைக்காற்று என் வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. மனைவி தெல்மா இருபது நாள் குழந்தையோடு தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க ஸ்பானியன் மட்டும் என்னத்தைக் கிழிச்சான்? கழுத்துல கத்தியை வச்சு ஞானஸ்நானம் கொடுத்தான். உன் கொள்ளுப்பாட்டியே மாயா இனத்துக்காரிதான், மறந்துடாதே."

"கத்தியைக் காட்டினான், கல்யாணமும் கட்டினான்ல? உங்காளு மரத்தை வெட்டினான், வேலியைப் போட்டான், கிட்ட வராதேன்னான். உன் பாட்டனைச் சங்கிலி போட்டு மரம் இழுக்க வச்சவனுக்கு நீ வக்காலத்து வாங்குறே!"

பெலீஸ் தேசத்துத் தென்கோடியில், பூர்வகுடி மாயாக்காரர்களின் இந்த ஊரில், வெளியாட்கள் எங்கள் இரண்டு வீடுதான்: இங்கிலீஷ்காரன் மரம் வெட்டக் கொண்டுவந்த அடிமைகளின் வம்சம் நான், ஸ்பானியக் கலப்பு வம்சம் அவன். தினமும் இதே சண்டைதான்.

ஊர்த்தலைவர் மார்செலினோ ஷோ கடைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஊர் கூடிப் புல்லு புதரை வெட்டிப் பாதை செதுக்குற வழக்கமே எங்காளு தந்தது," என்றான் நொவேலோ.

"அதைச் சட்டமாக்கினது எங்காளு," என்றேன்.

"செதுக்கினது நாங்க," என்ற தலைவர் எழுந்து போய்விட்டார்.

தன் பங்குப் பாதையைச் செதுக்க வராதவன் வீட்டுக்கு ஊர் கூரை வேயாது. அதுதான் இங்கே கட்டுப்பாடு. வர முடியாவிட்டால் பதில் ஆள் அனுப்ப வேண்டும். போன முறை தெல்மாவுக்கு வலி எடுத்து, டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடியதில், எனக்குப் பதிலாகப் போகச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவே இல்லை. மழைக்காலம் வேறு வந்துவிட்டது. இனி வேலையை விட்டுவிட்டு ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

இந்த நொவேலோ, நாங்கள் குழந்தையோடு திரும்பி வந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்புப் பிடிப்பாம். கடையை மூடிக்கொண்டு படுத்துவிட்டான். இன்றைக்கு நக்கல் அடிக்க மட்டும் இடுப்பு சரியாகிவிட்டது!

மறுநாள் விடிந்ததும் வாசலில் சத்தம். நாற்பது பேர், தோளில் ஓலைக் கட்டுகளோடு. தெல்மா அழுதேவிட்டாள்.

"தலைவரே, நான் பாதை செதுக்க வரலையே..."

"நீ வரலை. உன் ஆள் வந்தானே. காலையில தன் பங்கை வெட்டினான். உச்சி வெயில்ல உன் பங்கையும் வெட்டினான். கேட்டதுக்கு, 'வாத்தியார்தான் என்னை அனுப்பினார்'னான்."

அவர் மேலே கையைக் காட்டினார். விட்டத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "என்ன வேடிக்கை வாத்தியாரே? ஓலையை எடுத்துக் கொடு!" என்று கத்தினான் நொவேலோ.

ஒரு கட்டு ஓலையைத் தூக்கி அவனிடம் நீட்டினேன்.

தலைவர் என் தோளைத் தட்டினார்.

"முந்நூறு வருஷமா ரெண்டு பேருக்கும் உழைச்சது நாங்கதான். இங்கிலீஷ்காரனுக்காக ஒரு ஸ்பானியன் இடுப்பு ஒடிஞ்சதை இப்பத்தான்பா பார்க்கிறேன்."