கரைக்கு அந்தப் பக்கம்

பறவைகள் சரணாலய ஏரியில் வலை வீசுபவர்களையும் தூண்டில் போடுபவர்களையும் எழுப்பி அனுப்புவது வாட்சர் மணிவண்ணனின் வேலை. அன்று மதியம் கரைமேல் பேண்ட் போட்ட ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். ஏரிக்கு முதுகைக் காட்டியபடி, கரைக்கு அந்தப் பக்கம் கிடந்த செம்மண் பொட்டலில் நூலை வீசியிருந்தார்.

"இங்க மீன் புடிக்கக் கூடாதுங்க" என்றான் மணிவண்ணன்.

"ஏரியிலதான சார் கூடாது?"

அது சரிதான். கிணறு வெட்டினால் கடல் கிளிஞ்சல் வரும் பூமி அது; மற்றபடி வெறும் மண். மணிவண்ணன் நிழலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தான்.

மண்ணில் சாய்ந்து கிடந்த தக்கை நிமிர்ந்தது. இரண்டு முறை ஆடிவிட்டு உள்ளே போனது. புழுதி எழவில்லை. அவர் நூலை விட்டுக்கொடுத்தார்.

"பெருசுங்களா?"

"தெரியல சார். இதுவரைக்கும் மேல வந்ததில்ல. களைச்சா நின்னுடும்."

நூல் பொட்டலைக் கடந்து, முந்திரித் தோப்பைத் தாண்டி, தெற்குத் தெருப் பக்கம் நேராகப் போய்க்கொண்டிருந்தது. நூல்கண்டு இளைக்கவே இல்லை. அந்தத் தெருவில் முதல் வீடு மணிவண்ணனுடையது. கையைக் கழுவிவிட்டு மனைவிக்குப் போன் போட்டான்.

"பாப்பா எங்க?"

"வாசல்ல மண்ணுல வெளையாடுது. எதுக்குக் கேக்குறீங்க?"

நூல் நின்றது.

போனில் அவள் குழந்தையைப் பெயர் சொல்லி அழைப்பது கேட்டது. மறுபடியும் அழைத்தாள்.

"இப்பத்தான் சார் கனம் தெரியுது" என்றபடி அவர் நூலைச் சுற்றத் தொடங்கினார்.