மைக்கில் அழைத்த பெயர்

“மெடலை அக்கா போட்டோ மேல மாட்டிட்டு, பக்கத்துல நில்லும்மா. ஒரு படம் எடுத்துக்கறேன்,” என்றாள் நஜ்முன்னிசா.

பவித்ரா பதக்கத்தை எடுத்து உயர்த்தினாள். சுவரில் சந்தன மாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்த சிறுமியின் முகத்தில் பதக்கத்தின் நாடா பட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். நஜ்முன்னிசாவே வாங்கி மாட்டினாள்.

நஜ்முன்னிசா திருச்சியில் ஒரு பத்திரிகை நிருபர். பக்கத்துக்கு மூன்று பேர் ஆடும் கூடைப்பந்தில், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியிருந்தது. கடைசிப் பந்தைப் போட்டு ஜெயிக்க வைத்தவள், ஸ்ரீரங்கத்தில் இந்த ஒண்டுக் குடித்தன வீட்டில் இருக்கும் பவித்ரா. முந்தின நாள்தான் ஊர் திரும்பியிருந்தாள்.

“மூத்தவ பேரு அனுசுயா, மேடம்,” என்று கேட்காமலேயே தொடங்கினாள் அம்மா ராசாத்தி. “அப்ப நாங்க தொட்டியத்துல இருந்தோம். ரெண்டு பேரும் காவிரிக்குக் குளிக்கப் போனாங்க. ஒருத்திதான் திரும்பி வந்தா.”

“அடடா...”

“அதுக்கப்புறம் அந்த ஊர்ல இருக்க முடியல. தெரிஞ்சவங்க யாருமே இல்லாத இடமா வேணும்னு இங்க வந்துட்டோம். ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல எனக்குச் சமையல் வேலை கெடச்சுது. இவளப் பக்கத்து ஸ்கூல்ல சேத்தேன். வந்த மூணாவது மாசமே பந்தைக் கையில எடுத்துட்டா.”

நஜ்முன்னிசா குறித்துக்கொண்டாள். பிறகு பவித்ராவின் பக்கம் திரும்பினாள்.

“அந்தக் கடைசிப் பந்தைப் பத்திச் சொல்லும்மா. வீடியோவைப் பத்துத் தடவை பாத்துட்டேன்.”

இருபத்தொரு புள்ளியை முதலில் தொடுபவர் ஜெயித்தவர். எதிரணி இருபதில் இருந்தது, இந்தியா பத்தொன்பதில். வளைவுக் கோட்டுக்கு வெளியே பவித்ராவின் கைக்குப் பந்து வந்தது. அங்கிருந்து விழுந்தால் இரண்டு புள்ளி, அத்தோடு ஆட்டம் முடிந்தது.

“அந்த நேரத்துல நீ வளையத்தப் பாக்கல. திரும்பிப் பின்னாடி பாத்த. ஏன்?”

பவித்ரா அம்மாவைப் பார்த்தாள்.

“சும்மாதான் மேடம். பதட்டம்,” என்றாள் ராசாத்தி.

“இல்லம்மா.” பவித்ராவின் குரல் மெல்ல வந்தது. “மைக்குல பேரச் சொல்லிக் கத்துனாங்க. பவித்ரா, பவித்ரான்னு. கேலரியும் சேந்து கத்துச்சு. எனக்குப் பின்னாடி அவ வந்து நிக்கிறாப்ல இருந்துச்சு. ஈரத் துணியோட. அதான் திரும்பிப் பாத்தேன்.”

ராசாத்தி கண்ணால் அதட்டியும் பவித்ரா நிறுத்தவில்லை.

“அந்த மேட்ச்ல மட்டும் இல்ல மேடம். எப்பப் பேரக் கூப்பிட்டாலும் எனக்கு முன்னாடி அவ கோர்ட்ல இறங்கிருவா. ஹோட்டல்ல மாத்து ஆளோட சேத்து டீம் நாலு பேரும் ஒரே ரூம்ல இருந்தோம். காலையில எந்திரிச்சா என் ஷூ மட்டும் நனைஞ்சு கெடக்கும்.”

நஜ்முன்னிசாவின் பேனா நின்றது. “பயமா இருந்துச்சா?”

“பயமில்ல. கோவமா இருக்காளோன்னுதான்...”

“அக்கா எதுக்கும்மா கோவப்படப் போறா? நீ ஜெயிச்சா சந்தோஷந்தானே படுவா?”

பவித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அக்காவின் மேல் எத்தனை பாசம் என்று நினைத்துக்கொண்டாள் நஜ்முன்னிசா. பேச்சை மாற்றினாள்.

“சத்திரம் பஸ் ஸ்டாண்டுல உனக்குப் பேனர் வச்சிருக்காங்களே, பாத்தியா? உன் மூஞ்சிக்குக் கீழ ‘திருச்சியின் பெருமை பவித்ரா’ன்னு இவ்ளோ பெரிய எழுத்துல.”

“பாத்தேன். ஆட்டோவ நிறுத்தாம போகச் சொல்லிட்டேன்.”

நஜ்முன்னிசா சிரித்துக்கொண்டே எழுந்தாள். “கூச்ச சுபாவம்,” என்று ராசாத்தியிடம் சொன்னாள். “நாளைக்குப் பேப்பர்ல வரும். பாருங்கம்மா.”

அவளுடைய ஸ்கூட்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் ராசாத்தி வாசலிலேயே நின்றாள். உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டாள்.

“பேப்பர்காரங்ககிட்ட என்னத்தடி உளர்ற? ஏதாவது எழுதித் தொலைச்சாங்கன்னா?”

மகள் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

ராசாத்தியின் குரல் இறங்கியது. அருகில் வந்து மகளின் தோளைத் தொட்டாள். “சர்டிபிகேட்படி உனக்குப் பதினேழுதான் ஆவுது. இன்னும் ஒரு வருஷம் இதே டீம்ல ஆடலாம்னு பி.டி. சார் சொல்லியிருக்காரு. அதுக்குள்ள ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை கெடச்சிரும். அதுவரைக்கும் பொறுத்துக்கடி. என் கண்ணுல்ல... பவி!”

மாலைக்குள் இருந்த சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபடியே மகள் சொன்னாள்:

“பவி செத்து ஒம்பது வருஷம் ஆச்சும்மா. நான் அனு.”