லெனின்கிராடிலிருந்து ஒரு பெட்டி

சிவப்புத் தொப்பியும் பூப்போட்ட கழுத்துத் துணியுமாக, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவளைப் போல ஜெர்மனியின் ஸ்டெட்டின் துறைமுகத்துக்கு வந்திருந்தாள் ஃபிரீடா லெம்கே. அவளைப் பார்த்ததுமே சுங்க அதிகாரி டிட்மருக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

லெனின்கிராட் கப்பலில் அவள் பெயருக்கு வந்திருந்த பெட்டி ஏழடி நீளம். மேலே 'இயந்திர உதிரி பாகங்கள்' என்று எழுதியிருந்தது. அனுப்பியது ரஷ்யாவிலுள்ள ஒரு விமானத் தொழிற்சாலை.

"என்ன கடைம்மா வச்சிருக்கீங்க?"

"தையல் மிஷின் ரிப்பேர் கடை, ஐயா."

"ஏழடியில தையல் மிஷினா? ஊருக்கே ஒரே கோட்டா தைக்கப் போறீங்களா?"

சுமை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள். அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிட்மர் கெட்டவர் அல்ல. போன சண்டையில் தம்பிகள் இரண்டு பேரைப் பறிகொடுத்தவர். சண்டை முடிந்து பத்து வருடமாகியும் அந்த வலி ஆறவில்லை.

அந்தச் சண்டை முடிவில் போட்ட ஒப்பந்தப்படி ஜெர்மனி போர் விமானம் வைத்திருக்கக் கூடாது. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயரில் செய்து துண்டு துண்டாக உள்ளே கொண்டுவருகிறார்கள், நம் பையன்களுக்கு ரஷ்யாவிலேயே ரகசியமாகப் பறக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. ஒரு துண்டையாவது கையும் களவுமாகப் பிடித்து ஊருக்குக் காட்டிவிட வேண்டும் என்று டிட்மர் காத்திருந்தார்.

"பெட்டியை நிமித்தி வைங்கப்பா. அடியில பார்க்கணும்."

"ஐயோ, வேண்டாம்!" என்று அலறினாள் அவள். "நிமித்தாதீங்க. படுக்க வச்சே தூக்குங்க!"

அதற்குமேல் சந்தேகம் எதற்கு? டிட்மர் கடப்பாரையால் ஒரு பலகையைப் பெயர்த்தார். உள்ளே நாலு பக்கமும் பற்றவைத்து மூடிய தகரப் பெட்டி பளபளத்தது.

"துருப்பிடிக்காம இருக்க எப்படி அடைச்சிருக்காங்க பாருங்க! விமான என்ஜின்தானே? வாயைத் தொறந்து சொல்லுங்கம்மா."

"ஒண்ணும் சொல்லமாட்டேன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க, ஐயா. விஷயம் வெளிய போனா இதை என்கிட்ட தரமாட்டாங்க. சாயங்கால ரயில்ல ஊருக்குக் கொண்டுபோயே ஆகணும்."

"கூட யாரு வந்திருக்கா?"

"யாரும் வரக்கூடாதுன்னுட்டாங்க. உடுத்தியிருக்கிறதுகூட அவங்க சொன்னபடிதான்."

அத்தனை கூட்டத்திலும் தனக்கென்று ஒருவர் இல்லாமல், அந்தப் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த சண்டை வரும் என்று டிட்மர் மனதைக் கல்லாக்கிக்கொண்டார்.

"தகரம் வெட்டுறவனைக் கூப்பிடுங்கப்பா!"

அவன் வருவதற்குள் அறையில் தொலைபேசி அலறியது. பெர்லினிலிருந்து அழைப்பு. உள்ளே போன டிட்மர் தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

"மேலிடத்து உத்தரவாம். பெட்டியைத் தொடக்கூடாதாம். தாராளமா எடுத்துட்டுப் போங்க! நாளைக்கு இது எந்தத் தாயோட வயித்தெரிச்சலைக் கொட்டிக்கப் போகுதோ, அந்தப் பாவம் உங்களைச் சும்மா விடாது!"

அவள் தலையை ஆட்டினாள். ஆட்கள் பெட்டியை மெதுவாக லாரியில் ஏற்றினார்கள்.

"முன்னாடி வந்து உட்காருங்கம்மா, பின்னாடி காத்து கொல்லும்" என்றான் டிரைவர்.

"இல்லப்பா. ஸ்டேஷன் வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்துக்கறேன்" என்று பின்னால் ஏறினாள். எங்கே உட்காருவது என்று தெரியாமல், பெட்டியின் இந்த முனையையும் அந்த முனையையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒன்று போலவே இருந்தன.

பிறகு டிட்மர் பக்கம் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டாள்.

"எம் புள்ளைக்குத் தலை எந்தப் பக்கம், ஐயா?"