கறுப்பனுக்கு விடுதலை

"அந்த கிரேன் லாரி என் படகுத்துறையில ஏறணும்னா, முதல்ல என் மேல ஏறிட்டுப் போகட்டும்."

இதைச் சொன்னபோது ஹால்வர் கையிலிருந்த காபிக் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் நின்ற மார்னிக்கு மெய்சிலிர்த்தது. 'திமிங்கலத்தை விடு' என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்று நாளாகக் கரையில் நிற்பவள் அவள். ஸியாட்டில் கல்லூரியிலிருந்து கூட வந்த நண்பர்கள் முதல் மழைக்கே கம்பி நீட்டிவிட்டார்கள். இந்தக் குடாவில் தனக்கு ஒரு துணை கிடைக்கும், அதுவும் மீன் நாற்றமடிக்கும் ஒரு முரட்டுக் கிழவர் வடிவில் கிடைக்கும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

அறுபத்தெட்டாம் வருடத்து ஆகஸ்ட் அது. குடாவின் நடுவே, மிதவை வலைக்குள், ஓர் இளம் ஆண் ஓர்காத் திமிங்கலம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. ஊர் மீனவர்கள் வாயில் அது கறுப்பன். கறுப்பனைத் தூக்கி லாரியில் ஏற்றி, கலிஃபோர்னியாவில் ஒரு தொட்டிக்குள் விட்டு, வளையம் தாண்ட வைத்துக் காசு பார்ப்பது அதை வலைபோட்டுப் பிடித்த கம்பெனியின் திட்டம். சுற்றிலும் செங்குத்துப் பாறை. கிரேன் நிற்கத் தோதான இடம் ஹால்வரின் படகுத்துறை ஒன்றுதான்.

"கொஞ்சம் யோசிச்சுப் பேசு ஹால்வர்," என்றான் கம்பெனி ஆள் கிளைட். "ராத்திரிக்குள்ள புயல் வருது. வலை தாங்காது. உனக்கு என்ன வேணும்னு சொல்லு. படகுக்குப் புது இன்ஜின் போட்டுத் தரட்டுமா?"

"அந்த இன்ஜினை நீயே வச்சுக்கோ."

"நாங்க என்ன, அதைக் கொல்லவா போறோம்? ராஜா மாதிரி வச்சுக்குவோம்யா. நோவுன்னா டாக்டர் வருவார். வேளாவேளைக்கு வாளி வாளியா ஸால்மன் மீன் போடுவோம். குழந்தைங்க எல்லாம் கைதட்டும். இந்தக் குளிர்ல கிடந்து அது என்ன சுகத்தைக் கண்டுச்சு?"

ஹால்வரின் முகம் காது வரை சிவந்துவிட்டது.

"கேட்டியா பொண்ணே, ராஜா மாதிரியாம்," என்று மார்னி பக்கம் திரும்பினார். "நாலு வருஷமா எனக்கு இவனைத் தெரியும். முதுகுத் துடுப்போட நுனி மடங்கியிருக்கு பாரு, அதை வச்சு ஆயிரத்துல ஒண்ணா இருந்தாலும் கண்டுபிடிச்சுடுவேன். எந்த மாசம் வருவான், எந்தப் பாறையைச் சுத்துவான், எல்லாம் எனக்கு அத்துப்படி. கடல்ல பொறந்தவன் இவன். கடல்லதான் சாகணும்."

மார்னி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதையே அட்டையில் எழுதியிருக்கலாமே என்று தோன்றியது.

"அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கு மிஸ்டர் ஹால்வர். குடாவுக்கு வெளியில அவனுக்காகக் காத்துக்கிட்டு நிக்குதுங்க. ரெண்டு நாளா பார்க்கிறேன், நகரவே இல்ல."

"நிக்கட்டும். எல்லாரும் நிக்கட்டும்," என்றார் அவர்.

கிளைட் கடைசி முயற்சியாக வீட்டு வாசலைப் பார்த்தான். ஹால்வரின் மனைவி பெர்னிஸ் அங்கே நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா."

"கல்யாணமான நாள்லேருந்து நான் சொல்லி எதையும் கேட்காத மனுஷன் தம்பி. இதுக்கு மட்டும் கேட்கப் போறாராக்கும்."

காற்று ஏறிக்கொண்டே போனது. மதியத்துக்குள் மிதவைகளில் இரண்டு கழன்றுவிட்டன. வலை கிழிந்து, அதிலேயே திமிங்கலம் சிக்கிச் செத்தால் நாளைக்குப் பத்திரிகைக்காரர்கள் கம்பெனியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள் என்று கிளைட்டுக்குத் தெரியும். ஹால்வரை முறைத்தான், தண்ணீரில் காறித் துப்பினான், பிறகு கையை ஆட்டினான். முக்குளிப்பவர்கள் வலையின் ஒரு பக்கத்தை அவிழ்த்துவிட்டார்கள்.

கறுப்பன் உடனே நம்பவில்லை. திறந்த பக்கத்தின் ஓரமாகவே இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு ஒரு பெருமூச்சு, நீர் பீறிட்டுத் தெறித்தது. மடங்கிய துடுப்பு அலையைக் கிழித்துக்கொண்டு குடாவின் வாய்ப்பக்கம் பாய்ந்தது. வெளியே காத்திருந்த துடுப்புகள் அதை நோக்கித் திரும்பின. மார்னி அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு ஹால்வரைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாழ்க்கையில் அவள் ஜெயித்த முதல் சண்டை அது.

"உங்களாலதான் மிஸ்டர் ஹால்வர். எல்லாம் உங்களாலதான்."

"சரி சரி, விடு பொண்ணே," என்று அவர் கூச்சத்தோடு அவளை விலக்கினார். "ரொம்ப தூரம் போறதுக்குள்ள நான் கிளம்பணும்."

அந்த வயதிலும் அவர் ஓடிப்போய்ப் படகில் குதித்ததைப் பார்க்க மார்னிக்கு அதிசயமாக இருந்தது. அவருக்கு முன்னாலேயே பக்கத்து வீட்டுப் படகுகள் நான்கைந்து உறுமிக்கொண்டு கிளம்பியிருந்தன. ஊரே இப்படித் திரண்டு வரும் என்று தெரிந்திருந்தால் கேமராவை எடுத்து வந்திருக்கலாம் என்று அவள் நொந்துகொண்டாள்.

"அவனை வழியனுப்பவா எல்லாரும் போறாங்க?" என்று பெர்னிஸிடம் கேட்டாள்.

"ஆமா, வழியனுப்பத்தான்," என்றாள் பெர்னிஸ், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. "நாலு வருஷமா எங்க வலையைக் கிழிச்சு மீனைத் தின்ன திருடனுக்கு, ஊரான் கைதட்டி விருந்து வைக்க விட்டுடுவாரா இவரு? அடைச்சு வச்சிருந்தவரைக்கும் அது கம்பெனி சொத்து, சுட்டா ஜெயில். இப்பதான் அவன் யாருக்கும் சொந்தமில்லையே, தாராளமா சுடலாம்."