தலையசைப்பு

உயிரே போனாலும் பொய் சொல்லக் கூடாது என்று மூங்கில் பட்டைகளில் எழுதிவைத்த சீனத்து ஞானி லூ வெய், அரசனைப் பழித்த குற்றத்துக்காக மண்டியிட்டிருந்தார். ஆசானோடு சீடர்களுக்கும் சிரச்சேதம் என்பது அந்நாட்டுச் சட்டம். அவருடைய வீட்டில் பிடிபட்ட இளைஞர்களைப் பின்னால் கட்டிவைத்திருந்தார்கள்.

“இவனுங்க உங்க சீடனுங்களா?” என்று நீதிபதி கேட்டார்.

“இல்லைங்க. மழைக்கு ஒதுங்கினவங்க. யாருன்னே எனக்குத் தெரியாது.”

வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய் அது. காவலர்கள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். அப்போது அந்த இளைஞர்களில் ஷென் என்பவன் எழுந்தான். பாடத்தில் சரியான பதில் சொல்லி, ஆசானின் தலையசைப்பை அதிகம் வாங்கியவன் அவன்தான்.

“அது பொய்ங்க. நாங்க இவரோட சீடர்கள்தான்.”

மற்றவர்கள் அவனை வெறித்தார்கள். ஆசான் திரும்பவில்லை. பழக்கதோஷத்தில் அவர் தலை மட்டும் ஒருமுறை அசைந்தது.