கேரம் கூட்டாளி

"கப்பல் சாஞ்சா கேரம் பலகையே வழுக்கிக்கிட்டு ஓடும்மா. உங்க மகன்தான் ஈரச் சாக்கை மடிச்சு அடியில போட்டு நிறுத்துனான். 'முத்திருளா, நீ இல்லாட்டி ஆட்டமே இல்லடா'ன்னு எல்லாரும் கத்துவாங்க."

ஜனகராஜ் சொன்னதைக் கேட்டு ஒச்சாயி சிரித்தாள். மகன் கடலோடு போன இந்த இரண்டு மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஜனகராஜ் சிம்மக்கல்லில் டவுன் பஸ் ஏறிக் கீழக்குயில்குடிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்து. கடலாராய்ச்சிக் கப்பலில் அவன் ஸ்டோர் கீப்பர். முத்திருளன் சமையல் உதவியாள். கப்பலில் இருந்த அறுபது பேரில் மதுரைக்காரர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

வாசலில் நின்று அவன் தன் பெயரைச் சொன்னதும் ஒச்சாயி கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் பாயை விரித்தாள். மோர் கொண்டுவந்து வைத்தாள்.

அவன் வந்ததே ஒரு சத்தத்தால்தான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் கப்பலின் பின்தளத்தில் முத்திருளனின் செருப்பு மட்டும் கிடந்தது. அலை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று எழுதி முடித்தார்கள்.

லீவில் வீட்டுக்கு வந்த ஜனகராஜின் காதில் பட்டப்பகலிலேயே அது கேட்க ஆரம்பித்தது. டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டக். ஒரே ஆள் தனியாக உட்கார்ந்து கேரம் அடிக்கிற சத்தம். சாப்பிடும்போது கேட்டது, குளிக்கும்போது கேட்டது. அவன் மனைவி சீதாலட்சுமி பயந்துபோய், "முத்திருளன் வீட்டுக்கு ஒருதடவை போயிட்டு வந்துருங்க" என்று அனுப்பிவைத்தாள்.

"வேற என்ன செய்வீக தம்பி?" ஒச்சாயி நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மேல்தளத்துல வெள்ளைத்துணி கட்டி சினிமா போடுவாங்கம்மா. விஞ்ஞானி, ஆபீசர், சமையல்காரருன்னு பேதமே கிடையாது. எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காருவோம்."

"எம்மகன் பக்கத்துல யாரு உக்காருவாக?"

ஜனகராஜ் மோரைக் கையில் எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தான்.

"நான்தாம்மா."

"சாப்பிடையில?"

"அப்பவும் நான்தான்."

"பொங்கலுக்கு?"

"பொங்கலுக்கு நாடகம் போட்டோம்மா. உங்க மகனுக்குப் பொம்பளை வேசம். படுக்கை விரிப்பைச் சேலையாக் கட்டிவிட்டோம். கேப்டனே விழுந்து விழுந்து சிரிச்சாரு. கடைசியில அவனைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு தளம் பூராச் சுத்தி வந்தோம்."

"யாரு தூக்குனாக?"

"நான்தாம்மா தூக்குனேன்."

ஒச்சாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜனகராஜுக்கும் கண் கலங்கியது. சொல்லச் சொல்ல அந்தச் சத்தம் குறைந்துகொண்டே வந்து, இப்போது கேட்கவே இல்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. எழுந்தான்.

"நான் வாரேம்மா."

ஒச்சாயி எழுந்திருக்கவில்லை.

"அவன் செத்த சேதி வந்து எட்டாம் நாளு, அவன் போட்ட கடுதாசி வந்துச்சு தம்பி. அந்தமான்ல போட்டுருக்கான். பக்கத்து வீட்டுப் புள்ள வாசிச்சுக் காட்டுச்சு."

ஜனகராஜ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆராய்ச்சிக்கு மீனைப் போட்டு வைக்கிற ஸ்பிரிட்டை நீங்கதான் எடுத்துக் குடிச்சீகளாம். இவன் போயி கேப்டன்கிட்டச் சொல்லிப்புட்டானாம். அதுலருந்து யாரும் அவன்கூடப் பேசக்கூடாது, ஆடக்கூடாதுன்னு நீங்க எல்லார்கிட்டயும் சொல்லி, ஊர்ல தள்ளி வைக்கிற மாதிரி தள்ளி வச்சுட்டீகளாம். நாப்பது நாளா அம்புட்டுப் பேர்ல ஒருத்தர்கூட அவன்கிட்ட ஒரு சொல்லு பேசலையாமே."

ஜனகராஜ் திரும்பி வந்து அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா..." என்றான்.

ஒச்சாயி அவன் முகத்தையே பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"பொய்யின்னாலும் கேக்க நல்லாருக்கு தம்பி. இன்னும் கொஞ்சம் சொல்லுங்க."