சடை பின்னிய வால்

கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினான்.

பட், பட் என்று ஒரு சத்தம். நின்று நின்று வந்தது.

குதிரை நூரி வாலை வீசிக்கொண்டிருந்தது. வால் விசிறவில்லை. அடித்தது.

காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அவன் பின்னிய சடை. சாயங்காலம் பேகம்பூரில் மாப்பிள்ளை ஊர்வலம். மாப்பிள்ளையின் அண்ணன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, குதிரை வாலில் இதே மாதிரி சடை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவனும் மெனக்கெட்டு முடியை மூன்றாகப் பிரித்து, இறுக்கிப் பின்னி, நுனிவரைக்கும் ஜரிகை நாடா சுற்றினான். கல்யாணப் பெண்ணுக்குக்கூட யாரும் அவ்வளவு பொறுமையாகப் பின்னியிருக்க மாட்டார்கள்.

பின்னி முடித்ததும் நூரியைக் கொண்டுபோய் இன்னொரு குதிரை சுல்தான் பக்கத்தில் கட்டினான்.

கோடை வந்தால் குதிரைகளை அப்படித்தான் கட்டுவான். தலைமாடு கால்மாடாக. இதன் முகம் அதன் வாலுக்கு, அதன் முகம் இதன் வாலுக்கு. இது அதற்கு விசிறும், அது இதற்கு விசிறும். ஈ அண்டாது.

இன்றைக்கும் கை தன்பாட்டுக்குக் கட்டிவிட்டது. புத்தி அதன்கூட வரவில்லை.

சுல்தானின் இடது கண்ணில் புண். வேலிமுள் கீறி, வெள்ளை படர்ந்திருந்தது. கால்நடை டாக்டர் மருந்து போட்டுவிட்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஏழு நாளைக்கு இந்தக் கண்ணில் ஈ உட்காரக்கூடாது. எதுவும் படக்கூடாது. வேப்பிலைப் புகைகூடப் போடக்கூடாது.

துணி கட்டிப் பார்த்தான். இருட்டானதும் சுல்தான் மிரண்டு போய்க் கொட்டகைத் தூணை முட்டியது. முட்டாமல் என்ன செய்யும்? வலது கண் போய் இரண்டு வருஷமாயிற்று. இருப்பது இந்த ஒன்றுதான்.

அதனால் நூரியின் வாலை நம்பித்தான் விட்டிருந்தான். நாலு நாள் ஓடிவிட்டது. இன்று ஐந்தாம் நாள்.

நூரியைச் சொல்லிக் குற்றமில்லை. ஈ வந்தது, அது வீசியது. மெத்தென்று போய் முகத்தைத் தடவ வேண்டிய வால், நாடா சுற்றிய நுனியோடு கம்பு மாதிரி போய் விழுந்தது.

சுல்தான் விலகவில்லை.

கயிறு நீளமாகத்தான் இருந்தது. இரண்டடி தள்ளி நின்றிருக்கலாம். ஆனால் வால் வந்தால் சுகம் வருகிறது என்றே அதற்குப் பழக்கம். அடி விழ விழ முகத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது மனிதன், கஞ்சி காயாத கையோடு அழுதான். அழுதுகொண்டே நூரியை இழுத்துத் தள்ளி நிறுத்தினான்.

சுல்தானின் கண்ணுக்குக் கீழே இரண்டு இடத்தில் தடித்திருந்தது. நீர் வழிந்தது. வழிந்த இடமெல்லாம் ஈ. வேப்பங்குழையை எடுத்து விரட்டினான். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தான்.

கண் திறந்தது. வெள்ளை அப்படியே இருந்தது. உள்ளே பார்வை இருக்கிறதா, போயிற்றா?

கையை விரித்துக் கண்ணுக்கு நேரே ஆட்டினான்.

இமைக்கவில்லை.

இன்னும் கிட்டே கொண்டுபோனான். விரல் இமைமயிரைத் தொடுகிற தூரம்.

இமைக்கவில்லை.

"போச்சு. நானே கெடுத்துட்டேன் சபுரா."

அவன் பெண்டாட்டி சபுரா பின்னாலேயே வந்திருந்தாள். வந்தவள் நூரியின் வாலைப் பிடித்துச் சடையை அவிழ்க்க ஆரம்பித்திருந்தாள். நாடா முடிச்சு இளகவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.

"ஊர்வலத்துக்கு..." என்று இழுத்தான்.

"சடைதான் வேணும்னா அந்த மாப்பிள்ளைக்குப் பின்னிவிடச் சொல்லுங்க." நாடாவைத் துப்பினாள். "பதினாறு வருசமா தீனி வச்ச கை. ஒங்க கைக்கு அது எதுக்கு மச்சான் கண்ண மூடணும்?"

ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் அவனுக்குப் பட்டது. அழுகிறவர்களிடம் ஏதாவது ஒன்றைச் சொல்லி நிறுத்திவிடுவதில் அவள் கெட்டிக்காரி.

பிரித்த முடி நெளி நெளியாகத் தொங்கியது. சபுரா அதை விரலால் கோதிவிட்டாள். நூரியைப் பழையபடி கொண்டுவந்து சுல்தான் பக்கத்தில் நிறுத்தினாள். கீழே கிடந்த நாடாவைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வால் வந்து முகத்தைத் தடவியது. சுல்தான் நீளமாக மூச்சு விட்டது.

அவன் குதிரை லத்தி கிடந்த தரையிலேயே உட்கார்ந்தான். தன்னையே திட்டிக்கொண்டான். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினான். நூரியின் வால் போய்ப் போய் வந்தது.

ஒருமுறை அது திரும்புவதற்குள் ஓர் ஈ கிளம்பியது. ஒற்றை ஈ. சுற்றவில்லை, வட்டமிடவில்லை. கண்ணுக்கு நேரே வந்தது.

வேப்பங்குழை அவன் கையில்தான் இருந்தது. எட்டி ஓங்கவும் செய்தான். அதற்குள் இமை மூடிக்கொண்டது.

அப்புறம்தான் ஈ வந்து உட்கார்ந்தது.

ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது.

"சபுரா," என்று கூப்பிட்டான். "இங்க வாயேன். சீக்கிரம் வா."